'இன்பாக்ஸ் கேரண்டி' என்று யாராவது வந்தால் உஷாராக இருங்கள்

கரூரில் ஜன்னல் திரை, மேசை விரிப்பு தைத்து ஏற்றுமதி செய்யும் சின்ன நிறுவனம் எங்களுடையது. கொட்டேஷன், இன்வாய்ஸ், ஷிப்பிங் பேப்பர் எல்லாமே மெயிலில்தான் போகும். இப்படிப்பட்ட தொழிலில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புது சாம்பிள்களைப் பற்றி மெயில் அனுப்பித் தருகிறோம், எல்லாம் இன்பாக்ஸுக்கே போகும், கேரண்டி என்று ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனம் வந்தது. எங்கள் பழைய பையர்களுக்கும், கண்காட்சியில் கார்டு கொடுத்தவர்களுக்கும் மட்டும்தான் அனுப்ப வேண்டும் என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டோம்.

அவர்களோ எங்கிருந்தோ விலைக்கு வாங்கிய லிஸ்ட்டையும் கேட்காமலே சேர்த்து, எங்கள் மெயின் டொமைனிலிருந்தே (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்) மொத்தமாக அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் திரும்பி வந்த மெயில்கள் குவிந்து கிடந்தன. பெரும்பாலானவற்றில் '550 5.1.1' என்று இருந்தது. அப்படி ஒரு முகவரியே கிடையாது என்று அர்த்தம். அதாவது செத்துப்போன லிஸ்ட். போகப்போக ஜிமெயிலிடமிருந்து '550 5.7.1' வர ஆரம்பித்தது. கேட்காமல் வரும் மெயில் போலத் தெரிகிறது, ஏற்க முடியாது என்கிறார்கள். அதே வாரம் பல வருடப் பழக்கமுள்ள பையர் ஒருவர், இன்வாய்ஸ் ஏன் வரவில்லை என்று வாட்ஸ்அப்பில் கேட்டார். அது அவருடைய ஸ்பாமில் கிடந்தது. ஒரு டொமைனுக்குக் கெட்ட பேர் வந்துவிட்டால் விளம்பரம், இன்வாய்ஸ் என்று தரம் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

இதற்கு மேல்தான் உண்மையான மோசடி. ஸ்பாம் அனுப்புகிறவர்களைப் பட்டியல் போடும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் பட்டியலில் உங்கள் டொமைன் ஏறிவிட்டது, எடுக்கத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்றார்கள் அந்த மார்க்கெட்டிங் நிறுவனத்தார். ஸ்பாம்ஹாஸ் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். தேடினோம், எங்கள் பெயரே அங்கே இல்லை. அப்படியே இருந்தாலும் நீக்குவதற்கு ஸ்பாம்ஹாஸ் காசு வாங்குவதில்லை. இந்தப் பெயரில் யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

டொமைனின் அமைப்புகள் இருக்கும் டிஎன்எஸ்ஸைத் திறந்தால் இன்னொரு கூத்து. எங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு அங்கே ஏற்கெனவே இருந்தது. மெயிலை வாங்குகிறவர்கள் இதை வைத்துத்தான் சோதிப்பார்கள். அதைத் திருத்தாமல், பக்கத்திலேயே இரண்டாவதாக ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. எங்கள் சொந்த மெயிலும் அந்தச் சோதனையில் தேறாமல் போனதற்கு இதுவும் காரணம்.

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் ரொம்பக் கறார். ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5000 மெயிலுக்கு மேல் அனுப்பினால் எஸ்பிஎஃப், டிகேஐஎம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் (சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பதிவு) மூன்றும் வேண்டும். விளம்பர மெயிலில் ஒரே கிளிக்கில் விலகும் வசதி வேண்டும். ஸ்பாம் என்று அழுத்துபவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது, ஆயிரத்துக்கு மூன்று பேர். வாங்கிய லிஸ்ட்டை வைத்துக்கொண்டு இதற்குள் நிற்கவே முடியாது. இது தெரிந்தே கேரண்டி கொடுக்கிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

விளம்பர மெயிலை அடியோடு நிறுத்திவிட்டு, வழக்கமாகப் பதில் போடும் பையர்களுக்கு மட்டும் இப்போது அனுப்புகிறோம். நம் மெயிலை ஜிமெயில் எப்படிப் பார்க்கிறது என்று காட்டும் கூகுள் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் நிலைமை மெதுவாகத்தான் தேறுகிறது. கொடுத்த பணம் திரும்பவில்லை. நீங்கள் ஆள் வைப்பதாக இருந்தால் விளம்பரத்துக்குத் தனி சப்-டொமைன் (மெயின் டொமைனுக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்த கிளைப் பெயர்) கேளுங்கள், டிஎன்எஸ் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள், ஒவ்வொரு முகவரியும் எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். அதற்கு மழுப்பினால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.