ஸ்டே கம்பி வேண்டாம் என்று விற்கப்பட்ட டவர்: ஹாம் நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை

அமெச்சூர் ரேடியோ (ஹாம் என்று அழைக்கப்படும், பொழுதுபோக்காக உரிமம் பெற்று நடத்தும் வானொலித் தொடர்பு) ஆன்டெனாவுக்காக டவர் நிறுத்த எண்ணியிருக்கும் நண்பர்கள், அதிலும் சென்னையை ஒட்டிய கடற்கரைப் பகுதியில் இருப்பவர்கள், பட்டறைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஸ்டே கம்பிகளால் இழுத்துக் கட்டியே நிறுத்த வேண்டிய டவரை, கம்பியே தேவைப்படாத தனித்து நிற்கும் டவர் என்று சொல்லி எனக்கு விற்றார்கள். அது ஒரு கோடை மழைக் காற்றிலேயே சாய்ந்துவிட்டது. யாருக்கும் காயமில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

14 மெகாஹெர்ட்ஸுக்கான மூன்று எலிமென்ட் (குறுக்குக் குழாய்கள்) கொண்ட, ஒரு திசையை நோக்கிச் செயல்படும் யாகி ஆன்டெனாவையும் அதைத் திருப்பும் ரொட்டேட்டரையும் 15 மீட்டர் உயரத்தில் வைக்க வேண்டும் என்பதே என் தேவை. வீட்டுக்குப் பின்னால் இடம் இருந்ததால் ஸ்டே கட்டிய டவரைத்தான் கேட்டேன். அந்த உயரத்துக்கு மூன்று திசைகளில், இரண்டு மட்டங்களில், ஆறு கம்பிகள் கட்டுவது வழக்கம். அவற்றைப் பிடிக்கும் நங்கூரங்கள் டவரின் அடியிலிருந்து 9 முதல் 12 மீட்டர் தள்ளி அமைய வேண்டும். விற்பனையாளரோ, "அவ்வளவு இடத்தை ஏன் சார் வீணாக்குகிறீர்கள்? எங்கள் டவர் தானாகவே நிற்கும், அஸ்திவாரத்தைப் பலமாகப் போட்டுவிடுகிறோம்" என்று சொல்லி, ஸ்டே டவருக்கான விலையைவிடக் கணிசமாகக் கூட்டி ரசீது எழுதினார்.

வந்து இறங்கியது அடி முதல் நுனி வரை ஒரே அகலம் கொண்ட, பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் உள்ள முக்கோணச் சட்டம். இந்த வடிவம் ஸ்டே டவருக்கு உரியது. கம்பிகள் பக்கவாட்டுக் காற்றைத் தாங்கிக்கொள்வதால் அதன் கால்கள் பெரும்பாலும் கீழ்நோக்கிய அழுத்தத்தை மட்டும் சுமந்தால் போதும். தனித்து நிற்கும் டவரில் காற்றின் விசை முழுவதும் அடியில் வந்து குவிகிறது. அதனால்தான் அது கீழே அகன்று மேலே ஒடுங்கியிருக்கும், அடி அகலம் பெரும்பாலும் உயரத்தில் எட்டில் ஒன்று முதல் பத்தில் ஒன்று வரை இருக்கும். 15 மீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலம் வேண்டிய இடத்தில் எனக்குக் கிடைத்தது 30 சென்டிமீட்டர்.

இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875, பகுதி 3, சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக நொடிக்கு 50 மீட்டரை, அதாவது மணிக்கு 180 கிலோமீட்டரைக் குறிக்கிறது. வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன் அழுத்தம் வரும். யாகி காற்றுக்குக் காட்டும் பரப்பு 0.6 சதுர மீட்டர் என்று கொண்டாலும் 900 நியூட்டன். அது 15 மீட்டர் உயரத்தில் தள்ளும்போது அடியில் உண்டாகும் கவிழ்ப்புத் திருப்புத்திறன் (டவரைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்பு விளைவு, அதாவது விசை பெருக்கல் உயரம்) 13,500 நியூட்டன்-மீட்டர். டவரின் மீதே படும் காற்றை இதில் இன்னும் சேர்க்கவில்லை. மறுபுறம், ஒரு மீட்டர் கனசதுரக் கான்கிரீட் ஏறத்தாழ 2,400 கிலோ எடையுள்ளது. அந்த எடை மட்டும் எதிர்க்கக்கூடியது சுமார் 12,000 நியூட்டன்-மீட்டர். இறுகிய களிமண்ணாக இருந்தால் பக்கத்து மண்ணும் ஓரளவு பிடித்துக்கொள்ளும். கடற்கரை மணலில் அந்த உதவியை நம்ப முடியாது.

எனக்கு ஒன்றரை மீட்டர் கனசதுர அஸ்திவாரத்துக்குப் பணம் வாங்கியிருந்தார்கள். நான் ஊரில் இல்லாத நாளில் கான்கிரீட் போட்டு, மேலே மண்ணையும் மூடிவிட்டார்கள். டவர் சாய்ந்த பிறகு தோண்டிப் பார்த்தபோது, ஆழமும் அகலமும் அதில் பாதிதான் இருந்தன. அந்தக் கான்கிரீட் கட்டி மண்ணோடு சாய்ந்திருந்தது. அதற்குச் சற்று மேலே ஒரு கால் குழாய் மடிந்திருந்தது. மடிந்த இடத்தில் இன்னொரு உண்மையும் வெளிப்பட்டது. உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது என்று ரசீதில் எழுதியிருந்த குழாயின் உட்புறம் முழுக்கத் துரு; வெளியே பூசியிருந்தது வெறும் வெள்ளி நிற பெயின்ட். முக்கி எடுத்த குழாயில் உள்ளேயும் துத்தநாகம் படிந்திருக்கும் என்பதால், வாங்கும்போதே குழாயின் திறந்த முனைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்.

முறையிட்டபோது இயற்கைச் சீற்றம் என்றார்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்ததைப் பார்த்த ஊர் இது. ஒரு மாலை மழைக் காற்றை இயற்கைச் சீற்றம் என்று இங்கே சொல்வது நியாயமே இல்லை. பிறகு, கூடுதல் பணம் கொடுத்தால் நிமிர்த்தி ஸ்டே கட்டித் தருவதாகச் சொன்னார்கள். அவர்கள் கொண்டு வந்தவை ஒற்றை இழை ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியும், மணலில் அடித்து இறக்குவதற்கான குட்டையான ஆங்கிள் (‘L’ வடிவ இரும்பு) துண்டுகளும்தான். ஸ்டேவுக்குப் பல இழை முறுக்கிய எஃகுக் கம்பி வேண்டும். அது ஆன்டெனாவின் அலையோடு ஒத்திசைந்துவிடாதபடி இடையிடையே முட்டை வடிவ இன்சுலேட்டர் போட்டுப் பிரிக்க வேண்டும். அறுபடும் வலுவில் சுமார் 10 விழுக்காடு அளவுக்கு முன்னிழுவை (கட்டும்போதே கம்பியை இறுக்கி வைக்கும் இழுவை) கொடுக்க வேண்டும். நங்கூரத்துக்கும் கான்கிரீட் வேண்டும். அதோடு, ஸ்டே கம்பியின் இழுவை கால்களை மேலும் கீழே அழுத்தும் என்பதால், மடிந்த காலை மாற்றாமல் கம்பி கட்டுவது ஆபத்தை அதிகப்படுத்தும். நான் சம்மதிக்கவில்லை.

இடம் இருப்பவர்களுக்கு ஸ்டே டவரே சிக்கனமானது, உறுதியானது என்பது என் கருத்து. இடம் இல்லாமல் தனித்து நிற்கும் டவரை வாங்குவோர், உங்கள் ஊரின் காற்று வேகம், மண்ணின் தன்மை, ஆன்டெனாவின் பரப்பு ஆகிய மூன்றையும் குறிப்பிட்டுக் கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட கணக்கைக் கேளுங்கள். அதைத் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். குழியை அளந்து படம் எடுத்த பிறகே கான்கிரீட் போட அனுமதியுங்கள்.

இதே நிலையில் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், ரசீதையும் படங்களையும் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க முடியும். என் புகாரோடு தோண்டிய அஸ்திவாரத்தின் அளவுகளையும் குழாயின் உட்புறப் படங்களையும் இணைத்திருக்கிறேன்.