ரீஃபர்பிஷ்டு சர்வர் "ஓஎஸ் லைசன்சோட" வருதுன்னா உஷாரா இருங்க

திருப்பூர்ல ஒரு சின்ன பனியன் கம்பெனிக்கு சிஸ்டம் வேலையெல்லாம் நான்தாங்க பாக்கறேன். டேலியை ஒரே சர்வர்ல போட்டு எல்லாரும் ரிமோட் டெஸ்க்டாப்ல வந்து வேலை செய்யட்டும்னு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடையில டெல் ஆர்730 சர்வர் ரீஃபர்பிஷ்டு (பழசை சரி பண்ணி விக்கறது) எடுத்தோம். ரெண்டு ப்ராசஸர், ஒவ்வொண்ணுலயும் 14 கோர் (ப்ராசஸருக்குள்ள கணக்கு போடற தனித்தனி பகுதி). மெஷினை குறை சொல்ல முடியாது, இன்னைக்கும் ஜம்முனு ஓடுது. வில்லங்கம் பூரா ஓஎஸ்லதான். "விண்டோஸ் சர்வர் 2019 ஒரிஜினல், லைஃப்டைம் சார், கால் எல்லாம் சேத்துதான்"னு சொல்லி அதுக்கு தனியா காசு வாங்கினாங்க. கால்னா CAL, சர்வரை யூஸ் பண்றவங்களுக்குனு தனியா வாங்க வேண்டிய லைசன்ஸ்.

நாலு மாசம் ஒரு தொந்தரவும் இல்ல. அப்புறம் ஜிஎஸ்டி ஃபைல் பண்ற நேரமா பாத்து யாராலயும் உள்ள வர முடியல, லைசன்ஸ் சர்வர் இல்லைனு மெசேஜ் வருது. ரிமோட் டெஸ்க்டாப் ரோல் போட்டா 120 நாள் சும்மா விடும், அதுக்குள்ள ஆர்டிஎஸ் கால், அதாவது ரிமோட் டெஸ்க்டாப்ல வர்றதுக்கான லைசன்ஸ், வாங்கி ஏத்தணும். சாதா யூசர் கால் வேற, இது வேற, ரெண்டும் வேணும். இவங்க ரெண்டுமே தரல.

சரி, வேற என்னதான் பண்ணிவச்சிருக்காங்கனு கமாண்ட் ப்ராம்ப்ட்ல எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்வி (slmgr /dlv, விண்டோஸ் லைசன்ஸ் விவரம் காட்டற கமாண்ட்) அடிச்சு பாத்தா வால்யூம் கேஎம்எஸ் க்ளையண்ட்னு காட்டுது, கேஎம்எஸ் மெஷின் பேர் இருக்கற இடத்துல எங்கேயோ இருக்கற ஒரு வெப்சைட் பேரு. கேஎம்எஸ்னா விண்டோஸை ஆக்டிவேட் பண்ணிக் குடுக்கற சர்வர், முறைப்படி அது வால்யூம் லைசன்ஸ் (மொத்தமா வாங்கறது) வாங்கின கம்பெனி தன் நெட்வொர்க்குக்குள்ள வெச்சிக்கறது, அந்த ஆக்டிவேஷனும் 180 நாளுக்கு மேல புதுப்பிக்காம ஓடாது, இதுல எங்க லைஃப்டைம்? விண்டோஸோட ஆன்டிவைரஸ் டிஃபெண்டர்ல வேற ஒரு ஃபோல்டரை ஸ்கேன் பண்ணாதேனு போட்டு வச்சிருக்காங்க, நம்ம அக்கவுண்ட்ஸ் பூரா இருக்கற மெஷின்லங்க!

ஃபோன் போட்டா "மேல ஸ்டிக்கர் இருக்கே சார்"ங்கறாங்க. இருக்கு, 2012 ஆர்2 ஸ்டிக்கர். ஓஇஎம் லைசன்ஸ் (புதுசா விக்கும்போதே மெஷினோட சேத்து குடுக்கறது) அந்த மெஷினோட வரும், அது சரிதான், ஆனா 2012-ஐ காட்டி 2019 ஓட்ட முடியாது. 2012 ஆர்2-வுக்கு சப்போர்ட்டே 2023 அக்டோபர்ல முடிஞ்சு போச்சு. 2012 ஆர்2 காலத்துல லைசன்ஸ் ப்ராசஸர் கணக்கு, 2016-ல இருந்து கோர் கணக்கு, குறைஞ்சது 16 கோருக்கு வாங்கணும், எங்க மெஷினுக்கு 28 கோருக்கும் வாங்கணும். இதை எவனும் சொல்ல மாட்டான், ஏன்னா சொன்னா ரீஃபர்பிஷ்டு சர்வர் விலையை விட லைசன்ஸ் ஜாஸ்தி ஆயிடும், பார்ட்டி ஓடிடுவான்.

வாங்கறவங்க பில்லுல எந்த எடிஷன், எத்தனை கோர், எத்தனை காலுனு தனித்தனி வரியா கேளுங்க, காசு குடுக்கறதுக்கு முன்னாடி அந்த கமாண்டை அவங்க எதிர்லயே அடிச்சு பாருங்க. எங்க பில்லுல "சர்வர் வித் ஓஎஸ் - 1" அவ்வளவுதான் இருக்கு. காசை திருப்பி கேட்டா ஹார்ட்வேருக்கு மட்டும்தான் வாரண்டியாம், அப்போ ஓஎஸ்க்கு தனியா வாங்கினது எதுக்குனு கேட்டேன், லைன் கட். அதுக்கப்புறம் என் நம்பரையே எடுக்கறதில்ல.