மதிலோரத்துத் தெச்சி: ஒன்பது ஆண்டு அனுபவம்

குமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில் 2016-ஆம் ஆண்டு இரண்டு வகைத் தெச்சிகளை நட்டோம்; பிற மாவட்டங்களில் இட்லிப்பூ என்றும், பழந்தமிழில் வெட்சி என்றும் வழங்குவது இதே செடிதான். ஒன்று, அம்மாவின் வீட்டிலிருந்து கம்பு வெட்டிவந்து கிணற்றடியில் ஊன்றிய நாட்டுச் சிவப்பு. மற்றது, பண்ணையில் விலைக்கு வாங்கி, புதிதாகப் பூசிய மதிலை ஒட்டி வரிசையாக வைத்த குட்டை ரகம், பன்னிரண்டு செடிகள்.

நாட்டுத் தெச்சி இன்று ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கிறது. கிளை நுனிதோறும் ஊசிகளைச் சேர்த்துச் செருகியது போல மொட்டுகள் எழுந்து, ஒவ்வொன்றும் நீண்ட மெல்லிய குழலின் உச்சியில் நான்கு கூரிய இதழ்களாக விரிகின்றன. கொத்து முழுவதும் ஒரே நாளில் மலர்வதில்லை என்பதால், அம்மன் கோயிலுக்குப் பறித்தது போகவும் செடியில் நிறம் குறைவதில்லை. குழலின் அடியிலுள்ள தேனுக்கு வண்ணத்துப்பூச்சிகளும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் போட்டியிடுகிறார்கள்.

குட்டை ரகம் முதல் ஆண்டு பார்வைக்கு மிக அழகாக இருந்தது. இரண்டாம் ஆண்டில் இளந்தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றப் பரப்பெல்லாம் மஞ்சளாக வெளுக்கத் தொடங்கின. தண்ணீர்க் குறை என்று நினைத்துக் கூடுதலாக ஊற்றினோம், சாணமும் இட்டோம், பயனில்லை. மண்ணின் சிவப்பே இரும்பினால் வந்ததென்னும்போது, இரும்புச்சத்துக் குறை என்று ஒருவர் சொன்னதை நான் நம்பவில்லை. ஆனால், தெச்சி அமில மண்ணை விரும்பும் செடி. மதிலின் சிமெண்ட் பூச்சிலிருந்து மழைநீரில் கரைந்திறங்கும் சுண்ணாம்பு அடிமண்ணைக் காரமாக்கிவிட, இருக்கும் இரும்பையே வேர்களால் எடுக்க முடியாமல் போகிறது. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) சிறிது எலுமிச்சைச் சாறும் கலந்து மாலையில் இலைமேல் தெளித்தபோது தளிர்கள் பச்சையாயின. மூன்று மாதத்தில் மீண்டும் வெளுத்தன. இறுதியில் எட்டுச் செடிகளை வேர்மண்ணோடு பெயர்த்து முற்றத்தின் நடுவே வைத்தோம். அவற்றில் ஆறு பிழைத்தன. அந்த ஆறும் அதன்பின் வெளுக்கவில்லை. மதிலோரம் விட்ட நான்கிற்கு இன்றும் அன்னபேதிதான்.

மாவுப்பூச்சி ஆண்டுதோறும் வருகிறது. எறும்பு ஏறத் தொடங்கினாலே வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்துவிடுவது நல்லது. கவாத்து செய்வதில் அவசரம் கூடாது: புதுத்தளிரின் நுனியில்தான் பூ வரும் என்பதால், வேலி போல மாதந்தோறும் கத்தரித்தால் இலைதான் மிஞ்சும். பூத்து முடிந்ததும் ஒருமுறை, தென்மேற்குப் பருவமழைக்குச் சற்று முன்பாக, வெட்டினால் போதும்.

மறுபடி வாங்குவதானால் குட்டை ரகத்துக்குக் காசு கொடுக்க மாட்டேன். நாட்டுத் தெச்சியை யார் கேட்டாலும் ஆடி மழையில் பென்சில் தடிமனுள்ள கம்பு வெட்டித் தருகிறேன். நிழலில், மணல் கலந்த செம்மண்ணில் ஊன்றி ஈரம் காயாமல் வைத்தால் ஐந்தாறு வாரத்தில் வேர் பிடித்துவிடும். மதிலிலிருந்து மூன்றடி தள்ளி நட வேண்டும் என்பது மட்டுமே நான் போடும் நிபந்தனை.