பேண்டன் தெருவில் டாம் கிரிப் பப்

ஊரிலிருந்து வந்த மச்சானை லண்டன் லெஸ்டர் ஸ்கொயர் பார்க்கக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு உணவகத்தில் இரண்டு பர்கருக்குச் சொத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம் (பெயர் வேண்டாம், விடுங்கள்). அந்தக் கடுப்பு தீரத்தான் பக்கத்துப் பேண்டன் தெருவில் இருக்கிற டாம் கிரிப் பப்புக்குள் நுழைந்தோம்.

தெருமுனைக் கடை. சின்ன இடம்தான், சுவரில் பழைய குத்துச்சண்டைப் படங்கள். கென்ட் பகுதி ஷெப்பர்ட் நீம் மதுவாலையின் பப் என்பதால் அவர்கள் பியர்தான் கிடைக்கும். நான் ஸ்பிட்ஃபயர் வாங்கினேன். "ஜில்லுனு இல்லையே மாப்ள" என்றான் மச்சான். ஏல் என்கிற இந்த ஊர் பியர் வகை அப்படித்தான். பாதி கிளாஸில் பழகிவிட்டது.

பப்பின் பெயரில் இருக்கிற கிரிப், கையுறை இல்லாத காலத்துக் குத்துச்சண்டை சாம்பியன். நிலக்கரி சுமந்து பிழைத்தவர். அப்போது ரவுண்டுக்கு மூன்று நிமிடம் என்ற கணக்கெல்லாம் இல்லை. ஒருவன் விழுந்தால் ரவுண்டு முடிந்தது, 30 விநாடிக்குள் எழுந்து வந்து நிற்க வேண்டும். 1810 டிசம்பரில் அமெரிக்கக் கறுப்பினத்தவரான டாம் மாலினோவிடம் அடிவாங்கி விழுந்த கிரிப்பால் அது முடியவில்லையாம். எதிராளி கையில் ஈயம் ஒளித்திருக்கிறான் என்று அவர் ஆட்கள் கிளப்பிய கலாட்டாவில் மூச்சு வாங்க நேரம் கிடைத்து, கடைசியில் ஜெயித்தார். அடுத்த ஆண்டு மாலினோவின் தாடையை உடைத்து 11 ரவுண்டில் முடித்தது நேர்மையான வெற்றி. முதலாவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஓய்வுக்கு அப்புறம் கிரிப் நடத்திய கடை இது. அன்றைக்குப் பெயர் யூனியன் ஆர்ம்ஸ். ஆனால் நான் இங்கே போவது பில் ரிச்மண்ட் என்ற இன்னொரு குத்துச்சண்டை வீரருக்காக. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் அடிமையாகப் பிறந்தவர். 1805-ல் கிரிப்பிடம் தோற்றார். பிறகு மாலினோவைத் தயார்செய்து கிரிப்புக்கு எதிராக இறக்கியவரும் அவர்தான். இவ்வளவுக்கும் பிறகு இருவரும் நண்பர்களானார்கள். 1829 டிசம்பரில் ஒரு மாலை இங்கே கிரிப்போடு பேசிக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குப் போனார். அந்த இரவே இறந்துபோனார். வயது 66. 2015-ல் அவருக்கு உள்ளே ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். மச்சான் அதைப் படித்துவிட்டு, "தோத்தவனும் ஜெயிச்சவனும் ஒரே மேசையிலயா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு பைண்ட் வாங்கப் போனான்.

போகிறவர்கள் மதியம் மூன்று மணிவாக்கில் போங்கள். பக்கத்திலேயே நாடக அரங்கு இருக்கிறது, சாயங்காலம் கூட்டம் நெரியும்.