பாக்கி ரிப்போர்ட்டுக்கு 38,500 ரூபாய் அழுதுவிட்டேன், நீங்களும் அழாதீர்கள்

விருதுநகரில் பருப்பு, வத்தல் மொத்த வியாபாரம் எங்களுக்கு. சுற்றுவட்டாரக் கடைகளுக்குப் பெரும்பாலும் கடன் பில்தான். யார் எவ்வளவு பாக்கி, மொத்தமாக வெளியே எவ்வளவு நிற்கிறது என்பதைத் தினமும் போனிலேயே பார்க்க வேண்டும் என்று, பில்லிங் சாஃப்ட்வேரோடு இணைத்து ரிப்போர்ட் செய்து தரும் ஒரு கம்பெனியிடம் 38,500 ரூபாய் கொடுத்தேன். பெயர் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதற்கும் நான்தான் செலவழிக்க வேண்டும்.

டெமோ காட்ட வந்த பையன் நல்லவிதமாகத்தான் பேசினான். எங்கள் கணக்குப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேரேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினான். முன் பாக்கி, பற்று, வரவு, நிலுவை என்று அவர் எழுதியிருந்ததை விரலால் தொட்டுக்கொண்டே வந்து, "இதே கணக்குதான் அண்ணாச்சி, தேதி வாரியா ஏறிட்டே வரும்" என்றான். லேப்டாப்பில் அவன் காட்டிய கோடு படிக்கட்டு மாதிரி அழகாக ஏறியது. "லீவு நாள்ல என்ன காட்டும்?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். "அதெல்லாம் அதுவே எடுத்துக்கும் அண்ணாச்சி." பேரேட்டையே பிரித்துப் பார்த்தவன் சொல்கிறான் என்ற நம்பிக்கையில் அன்றைக்கே முழுப் பணத்தையும் அனுப்பினேன்.

பொங்கல் வந்தது. ஜனவரி 14 வரை பில் போட்டோம். 15 வியாழன் முதல் 18 ஞாயிறு வரை கடை லீவு. 19ஆம் தேதி மூன்றே மூன்று பார்ட்டிக்குத்தான் சரக்கு போனது. ராத்திரி ரிப்போர்ட்டைத் திறந்தால் மொத்த பாக்கி 2,14,300 ரூபாய்! 14ஆம் தேதி பேரேட்டில் 17 லட்சத்துக்கு மேல் நின்றது. நடுவில் ஒரு பைசா வசூல் இல்லை.

கணக்குப்பிள்ளை பேனாவை எடுத்துக் கூட்டிக் காட்டினார். சாத்தூர் 1,12,000, சிவகாசி 64,500, அருப்புக்கோட்டை 37,800. அவ்வளவுதான். அன்று பில் போட்ட மூன்று பேருடைய நிலுவையை மட்டும் கூட்டி, அதற்கு 'மொத்த பாக்கி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோவில்பட்டிக்காரர் 9ஆம் தேதியோடு 2,40,000 பாக்கி. 19ஆம் தேதி அவருக்கு பில் இல்லை, அதனால் அவர் கடனே இல்லாத மனிதர்! 15 முதல் 18 வரை தேதிகளே காணோம், கோடு அங்கங்கே அறுந்து தொங்குகிறது.

சிரிக்கிற விஷயம் இல்லை. கேஷ் கிரெடிட் (சரக்கையும் பாக்கியையும் ஈடாகக் காட்டி பேங்க்கில் எடுக்கும் கடன்) வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், மாதக் கடைசியில் பேங்க்குக்கு ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் போகும். சரக்கு இருப்பையும் வர வேண்டிய பாக்கியையும் வைத்துத்தான் எவ்வளவு எடுக்கலாம் என்பதையே பேங்க் முடிவு செய்யும். இந்த 2,14,300 அதில் ஏறியிருந்தால் லிமிட் சுருங்கி, மில்காரர்களுக்குக் கொடுத்த செக் திரும்பியிருக்கும். பேரேடு இருந்ததால் தப்பினோம்.

போன் போட்டேன். முதலில் பிரவுசரில் சேர்ந்து கிடக்கும் பழைய ஃபைல்களை (cache) அழிக்கச் சொன்னார்கள். அப்புறம் வேறு பிரவுசரில் திறக்கச் சொன்னார்கள். அப்புறம் "உங்க டேட்டாவுலதான் கேப் இருக்கு சார்." பணம் வாங்கும் வரை அண்ணாச்சி, வாங்கியபின் சார். கடைசியாக ஒரு அம்மணி வழி சொன்னார்: "லீவு நாள்லயும் எல்லாப் பார்ட்டிக்கும் ஒரு ஜீரோ பில் போட்டுடுங்க சார், சரியா வந்துடும்." ஜிஎஸ்டி விதி 46 பில் நம்பர் வரிசையாக வர வேண்டும் என்கிறது. போகாத சரக்குக்கு நூற்றுக்கணக்கில் பில் போட்டு நம்பரைத் தின்னச் சொல்கிறார்கள். ஆடிட்டர் தலையில் அடித்துக்கொண்டார். ரீஃபண்ட் கேட்டதற்கு, லீவு நாள் கணக்கு தனி மாட்யூலாம், இன்னும் 12,000 ஆகுமாம். 38,500 ரூபாய் வாங்கியது எதற்கு என்றால் பதில் இல்லை. கம்ப்ளெயிண்ட்டை 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள்.

சென்னையில் டேட்டா வேலையில் இருக்கும் அக்கா மகன் வந்தபோது பார்த்தான். "மாமா, தேதியையே பில் டேபிள்ல இருந்துதான் எடுத்திருக்காங்க. பில் இல்லாத நாள் எங்கிருந்து வரும்?" கேலண்டர் டேபிள் என்று தனியாக ஒன்று வேண்டுமாம். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை ஞாயிறு, பண்டிகை எதையும் விடாமல் எல்லாத் தேதியும் அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தேதியையும் ஒவ்வொரு பார்ட்டியோடும் ஜோடி சேர்த்து, அதன் பக்கத்தில் பில்லையும் வரவையும் ஒட்டி, இல்லாத இடத்தில் பூஜ்யம் வைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் கூட்டிக்கொண்டே வர வேண்டும். இது இந்தத் தொழிலில் அரிச்சுவடி என்றான். எக்செல்லில் ஒரு பக்கம் எல்லாத் தேதியும் போட்டு, 'இந்தத் தேதி வரைக்கும் உள்ளது எல்லாம்' என்று கூட்டும் SUMIFS ஃபார்முலாவை எழுதினான். சாம்பார் ஆறுவதற்குள் 19ஆம் தேதிக் கணக்கு பேரேட்டோடு பைசா சுத்தமாக ஒத்துப்போனது. அதற்கு நான் கொடுத்தது ஒரு சாப்பாடு. அந்தக் கம்பெனிக்கு 38,500 ரூபாய்!

வாங்கப்போகிறவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், எழுத உட்கார்ந்தால் எரிச்சல்தான் வருகிறது. அவர்கள் டேட்டாவில் டெமோ பார்க்காதீர்கள், உங்கள் பொங்கல் வாரத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 'இந்த மாதம்' என்று ஃபில்டர் போட்டால் முன் பாக்கி வருகிறதா, பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள் (எனக்கு அதுவும் பூஜ்யம்தான்). பாதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பேரேட்டை எடைக்குப் போடாதீர்கள்.

இன்று காலை அவர்களிடமிருந்து மெசேஜ் வந்திருக்கிறது. ஆண்டுச் சந்தா 6,000 ரூபாயை மார்ச் 31க்குள் கட்டாவிட்டால் ரிப்போர்ட்டை நிறுத்திவிடுவார்களாம். தாராளமாக நிறுத்தட்டும்.