லாஸ்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு: சிறு விமானமும் விமானிகள் படுத்தெழும் ஊரும்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஆண்டில் நான்கைந்து முறையாவது போகிறவன் நான். இரவுப் பேருந்தில் ஏழெட்டு மணி நேரம் புரண்டுவிட்டு, மறுநாள் முழுவதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரிவது அறுபதைத் தாண்டிய உடம்புக்கு ஒத்துவரவில்லை என்பதால், கடந்த சில மாதங்களில் மூன்று முறை புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து மாலை விமானத்தில் போனேன். இருக்கையும் சாளரமும் எப்படி என்பதையும் இங்கே சொல்கிறேன். ஆனால் இந்தச் சேவையின் நிறையும் குறையும் அதை ஓட்டுகிறவர்கள் எந்த ஊரில் படுத்தெழுகிறார்கள் என்பதைப் பொறுத்தே அமைகின்றன என்று மூன்றாவது பயணத்தில் எனக்குப் புரிந்ததால், அதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

கடலூரிலிருந்து லாஸ்பேட்டை முப்பது கிலோமீட்டருக்குள்தான். கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் தாண்டும்வரை சிக்கலில்லை; முருங்கப்பாக்கத்திலிருந்து இந்திரா காந்தி சிலை வரையிலான நெரிசலுக்கு மட்டும் அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ள வேண்டும். நிலையம் சிறியது. வாசலில் இறங்கி, பெட்டியைப் போட்டு, சோதனை முடித்து உட்காருவதற்கு எனக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. சென்னை விமான நிலையத்தில் அந்த நேரத்தில் சரியான வரிசை எது என்றுகூடக் கண்டுபிடித்திருக்க மாட்டேன். விமானத்துக்கு நடந்தே போய் ஏறலாம்.

ஓடுவது ஏ.டி.ஆர். 72 என்னும் காற்றாடி விமானம். ஏறத்தாழ 1,500 மீட்டர் நீளமே உள்ள லாஸ்பேட்டை ஓடுதளத்துக்கு இந்த அளவு விமானம்தான் பொருந்தும். பெரிய ஏர்பஸ்ஸோ போயிங்கோ முழுப் பயணிகளோடு இங்கே வந்து போவதற்கு ஓடுதளம் நீள வேண்டும், அதற்கான நிலமோ தமிழ்நாட்டுப் பக்கம் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. இந்த விமானத்தின் பாகங்களை இணைத்து உருவாக்குவது பிரான்சின் துலூஸ் நகரத்தில் என்பதைப் புதுச்சேரிக்காரர்கள் கொஞ்சம் உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். இறக்கை உடம்புக்கு மேலே இருப்பதால் எந்தச் சாளரத்திலிருந்தும் தரை தெரியும். மேலே ஏறித் திரும்பும்போது கடலும், பிறகு மாலை வெயிலில் தகடு போல ஊசுட்டேரியும் தெரிந்தன. பயணிகள் வாசல் பின்பக்கம் இருக்கிறது என்பதை முதல் முறை அறியாமல் முன்வரிசையைக் கேட்டு வாங்கி, இறங்கும்போது கடைசி ஆளாக நின்றேன்.

ஒரு விசித்திரத்தையும் பார்த்தேன். விமானம் வந்து நின்று, இடப்பக்க எஞ்சின் அடங்கிவிட்டது, நாங்கள் ஏறுகிறோம், வலப்பக்க எஞ்சின் மட்டும் இரைந்துகொண்டிருக்கிறது, ஆனால் அதன் காற்றாடி அசையவில்லை. நிறுத்தியிருக்கும்போது மின்சாரத்துக்கும் குளிர்காற்றுக்கும் பெரிய விமானங்களின் வாலில் தனியாக ஒரு சிறு எஞ்சின் உண்டு. இதில் அது கிடையாது. ஆகவே காற்றாடிக்குப் பிரேக் போட்டுவிட்டு எஞ்சினை மட்டும் ஓட விடுகிறார்கள். அதற்கு ‘ஹோட்டல் மோடு’ என்று பெயராம். இதை எனக்குச் சொன்னவர் பக்கத்து இருக்கையில் இருந்த இளம்பெண். ‘எப்படிம்மா இவ்வளவு தெரியுது?’ என்று கேட்டபோதுதான், தான் இதே வகை விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி, என்றார்.

அவருக்குச் சொந்த ஊர் பண்ருட்டி. விடுமுறை முடிந்து, ஊழியர் டிக்கெட்டில் பணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அந்த டிக்கெட்டுக்கு இருக்கை மீந்தால்தான் இடம்; போன முறை விமானம் நிரம்பிவிட்டதால் விழுப்புரம் போய்ப் பேருந்து பிடித்தாராம். அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே தருகிறேன் (ரோஸ்டர் என்பது யாருக்கு எந்த நாள் எந்த விமானம் என்னும் பணிப் பட்டியல்): ‘இந்த ரூட்டுல ரோஸ்டர் போட்டா ஒரே நாள்ல ரெண்டு தடவை நான் லாஸ்பேட்டையில இறங்குவேன் சார், ஆனா எங்க அம்மாவைப் பார்க்கணும்னா லீவு போட்டு பஸ் ஏறணும்.’

இது புரிய விமானம் சுற்றும் வட்டத்தைப் பார்க்க வேண்டும். நான் பயணம் செய்த நாள்களில் விமானம் நண்பகலையொட்டிப் பெங்களூரிலிருந்து வந்து, இருபது இருபத்தைந்து நிமிடத்தில் ஹைதராபாத் கிளம்பி, மாலையில் அங்கிருந்து திரும்பி, மறுபடி பெங்களூர் போய்விடுகிறது. நான்கு முறை ஏறி நான்கு முறை இறங்குவது ஒரு நாள் டியூட்டி. இரவில் விமானமும் புதுச்சேரியில் நிற்பதில்லை, விமானிகளும் தங்குவதில்லை. அவர்களுடைய பேஸ், அதாவது டியூட்டி தொடங்கி முடியும் ஊர், வேறெங்கோ இருக்கிறது.

பேஸ் இல்லாத ஊருக்கு என்ன நேரும் என்பதை வேறோர் ஊரில், வேறொரு நிறுவனத்தின் சிறு விமானத்துக்குக் காத்திருந்தபோது சில ஆண்டுகளுக்கு முன் நானே பட்டிருக்கிறேன். மழையால் விமானம் மூன்று மணி நேரம் தாமதமாக வந்தது. வந்த விமானம் கண்ணெதிரே நிற்கிறது, மழையும் விட்டுவிட்டது, ஆனாலும் ரத்து என்று அறிவித்தார்கள். ‘இயக்கக் காரணங்கள்’ என்பதற்கு மேல் கவுன்டரில் ஒரு வார்த்தை வரவில்லை. விமானிகளின் பணி நேரம் முடிந்துவிட்டது, மாற்று ஆள் இருநூறு மைலுக்கு அப்பால் இருக்கிறார் என்பதைப் பிறகு பெட்டி ஏற்றும் ஊழியர்தான் சொன்னார். அந்த விமானிகள் செய்தது சரியே. களைத்துப்போனவர் ஓட்டும் விமானத்தில் எனக்கும் ஏற விருப்பமில்லை. நான் குறைப்படுவது காரணத்தை மறைத்ததைத்தான். விமானிகளின் வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக 2025 ஜூலை முதல் கூட்டப்பட்டிருக்கிறது. நல்லது, ஆனால் ஓய்வைக் கூட்டும்போது ஆள்களையும் கூட்ட வேண்டும், அந்த ஆள்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

அப்படியானால் புதுச்சேரியில் ஒரு பேஸ் திறந்துவிட்டால் என்ன என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, காகிதக் கைக்குட்டை ஒன்றில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு விமானம் நாளுக்குப் பத்து மணி நேரம் பறந்தால் ஆண்டுக்கு 3,650 மணி நேரம். ஒரு விமானி ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்பது விதி. ஆக, கேப்டனும் ஃபர்ஸ்ட் ஆபீசருமாக நான்கு இணைகள் இல்லாமல் முடியாது. விடுப்பு, ஆண்டுதோறும் சிமுலேட்டர் பயிற்சி, யாருக்காவது காய்ச்சல் வந்தால் போக வேண்டிய ஸ்டாண்ட்பை எல்லாம் சேர்த்தால் ஐந்து, ஆறு இணைகள் வரும். அதற்கு மேல் கேபின் ஊழியர்கள், இரவில் விமானத்தைப் பார்க்கும் பொறியாளர்கள். ஒரே ஒரு விமானத்துக்காக இவ்வளவு பேரை ஓர் ஊரில் வைத்திருந்தால், அந்த விமானம் பழுதாகி நிற்கும் நாளில் எல்லாரும் சும்மா இருக்க வேண்டியதுதான். ஏ.டி.ஆர். ஓட்டத் தகுதி பெற்றவர் அதற்கான தனிப் பயிற்சி இல்லாமல் ஏர்பஸ் ஓட்ட முடியாது என்பதால், பக்கத்து ஊரில் இருக்கும் ஏதோ ஒரு விமானியைக் கூப்பிட்டு உட்கார வைக்கவும் வழியில்லை.

விமானிகள் பக்கத்திலும் இது எளிதான காரியமில்லையாம். புதிய பேஸ் திறக்கப்போவதாகப் பேச்சு வந்ததும், அந்த வட்டாரத்துக்காரர்கள் விருப்பம் எழுதிக் கொடுத்துவிட்டுச் சீனியாரிட்டி பட்டியலில் தங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று எண்ணத் தொடங்குவார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டு வீட்டுக் கடன் கட்டுகிறவர்கள் தங்களை மாற்றிவிடாமல் இருக்க வேண்டுமே என்று கவலைப்படத் தொடங்குவார்கள். அதோடு, சிறு ஊர்ச் சேவை நிற்காது என்பதற்கு யார் பொறுப்பு? புதுச்சேரியிலேயே 2017 ஆகஸ்டில், சிறு ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் ஹைதராபாத்துக்குத் தொடங்கிய சேவை, கொரோனாவில் ஒருமுறை நின்று, மீண்டும் ஓடி, 2024 மார்ச் இறுதியில் நின்றுபோனது. இப்போதைய சேவை அந்த ஆண்டு டிசம்பர் 20-ஆம் தேதிதான் தொடங்கியது. ஏறத்தாழ ஒன்பது மாதம் ஓடுதளம் வெறுமையாகக் கிடந்த ஊரை நம்பி யார் வீடு பார்ப்பார்கள்?

ஆகவே நான் முழு பேஸ் கேட்கவில்லை. ஓர் இரவு நிறுத்தம் கேட்கிறேன். மாலையில் வரும் விமானம் லாஸ்பேட்டையிலேயே நின்று, விமானிகள் ஊருக்குள் ஒரு ஹோட்டலில் தங்கி, காலை ஆறரைக்குப் பெங்களூர் கிளம்பினால், நம் ஊர்க்காரர் எட்டு மணிக்கு அங்கே இறங்கி, மருத்துவரையோ வங்கி மேலாளரையோ பார்த்துவிட்டு அன்றே திரும்பலாம். இப்போதைய நேர அட்டவணை பெங்களூரிலிருந்து வெள்ளிக்கிழமை மதியம் வந்து கடற்கரை பார்த்துவிட்டு ஞாயிறு மாலை திரும்புகிறவருக்காகத் தைத்த சட்டை. கடலூர், புதுச்சேரிக்காரருக்குக் கை நீளமாக இருக்கிறது. விமானம் இரவு தங்கும் ஊர்தான் காலை விமானத்தைப் பெறுகிறது. இதில் புதுச்சேரி அரசுக்கும் வேலை இருக்கிறது: விமானம் இரவு நிற்கவும் காலையில் சீக்கிரம் நிலையம் திறக்கவும் ஆகும் செலவில் ஒரு பங்கைத் தான் ஏற்பதாகச் சொல்லி நிறுவனங்களை அழைக்கலாம்.

இனிச் சேவைக்கு வருகிறேன். மூன்று பயணத்தில் இரண்டு சொன்ன நேரத்தில் கிளம்பின. ஒன்று நாற்பது நிமிடம் தாமதம், அதையும் முன்கூட்டியே செல்போனில் சொல்லிவிட்டார்கள். இருக்கை என் உயரத்துக்குப் போதும். ஆறடிக்காரருக்கு முழங்கால் இடிக்கும். தலைக்கு மேலுள்ள பெட்டி அறை சிறியது என்பதால் சக்கரப் பெட்டியைக் கையில் வைத்துக்கொள்ள நினைக்காமல் கீழே போட்டுவிடுவது நல்லது. காற்றாடிக்கு நேராக உட்கார்ந்தால் காது இரையும். கட்டணம் முன்கூட்டியே பதிவு செய்தபோது மூவாயிரத்துச் சொச்சம். நான்கு நாள் முன்பு பார்த்தபோது அதைப் போல ஒன்றரை மடங்கு. குடும்பமாக நான்கு பேர் போகிறவர்களுக்குக் காரே மலிவு. தனியாகப் போகும் வயதானவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பதிவு செய்யும்போது பின்வரிசையைக் கேளுங்கள். பெங்களூரில் வெளியே வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டால், விமானத்திலிருந்து நிலையத்துக்கு அழைத்துப்போகும் முதல் பேருந்தில் இடம் கிடைப்பது பின்வரிசைக்காரருக்குத்தான். அன்றைக்கு எனக்கு அந்த யோசனையைச் சொன்ன பண்ருட்டிப் பெண் எனக்கு முன்னால் இறங்கி, மறுநாள் டியூட்டிக்காக ரோஸ்டரைச் செல்போனில் தேடிக்கொண்டே போனார். நண்பகலில் லாஸ்பேட்டை என்று போட்டிருந்தது.