எல்லா வினாவிலும் நீளமான விடைதான் சரி: ஏஐ செயலியோடு பயிற்சிநெறி செய்த அனுபவம்

ஏஐ செயலி எழுதித் தரும் பல்தேர்வு வினாக்களில் இருந்துதான் தொடங்க வேண்டும். என் கோபம் முழுக்க அங்கேதான் கிடக்கிறது. மல்லாவியில் முன்பள்ளி ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் கூட்டாளி ஒருவன், ஏஐ செயலிக்கு மாதம் 20 டொலர் கட்டுவது பிரயோசனமா என்று கேட்டிருந்தான். அதே யோசனையில் வேறு ஆட்களும் இருப்பீர்கள் என்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

நான் அதைப் பாவிப்பது பால் உற்பத்தியாளர்களுக்கான பயிற்சிக்கு. விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கத்து ஆட்கள். விடியப் பால் கறந்து, பால் கானைச் சைக்கிளில் கட்டிச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டு வருகிறவர்கள். அவர்களை ஒரு முழு நாள் மண்டபத்தில் இருத்தி வைத்தால் அன்றைய வேலை கெட்டுவிடும். அதனால் பாடங்களைப் போனுக்குக் கொண்டு போனோம். வகுப்பு மூடில் என்ற இலவச மென்பொருளில் ஓடுகிறது.

வினாக்களுக்கு வர முன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வேகம் உண்மையானது. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரத்தையும் என் பழைய வகுப்புக் குறிப்புகளையும் கொடுத்தால், ஒரு பின்னேரத்துக்குள் ஐந்து சிறு பாடங்களின் வரைவு கையில் இருக்கும். முன்பு அதற்கு வாரக்கணக்கில் இருந்து எழுதுவேன்.

ஆனால் முதல் வரைவு யாரோ ஒருவருடைய மாட்டுக்கு எழுதியது. "கொட்டில் தரையைத் தினமும் கழுவுங்கள்" என்றது. எங்கட சனத்தின் மாடுகளில் பாதிக்கு மேல் பட்டி மாடு. பகலில் காட்டோரம் மேயும், இரவில் பட்டியில் நிற்கும், காலபோகத்துக்கு வயல் விதைத்தால் தூரத்துக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள். கழுவத் தரை எங்கே? இதையெல்லாம் எழுதிக் கொடுத்து, "எழுதத் தொடங்க முன் தெரியாததை என்னிடம் கேள்" என்றேன். "மழைக்காலத்தில் பட்டியை இடம் மாற்றுவார்களா, கறக்கும் இடம் சேறாகுமா?" என்று கேட்டது. நல்ல பயிற்றுநர் கேட்கிற கேள்வி அது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்க மாட்டேன். பிறகு வந்த பாடம் எங்கட பட்டிக்கே உரியதாக இருந்தது: காய்ந்த மேட்டில் மாட்டைக் கட்டு, மடிச் சேற்றைக் கழுவித் துடைத்து உலர விடு, முதல் பாலைக் கறுப்புத் தட்டில் பீய்ச்சிக் கட்டி இருக்கிறதா பார், கறந்து முடிந்ததும் காம்புத் துளை மூடும்வரை மாடு படுக்காதபடி தீனி போடு.

ஆகவே "மடியழற்சி (மாட்டு மடியில் வரும் நோய்) பற்றிப் பாடம் எழுது" என்று மட்டும் கேட்காதீர்கள். வாசிக்கப் போவது யார், நாளைக் காலை அவர் கையால் என்ன செய்ய வேண்டும், வழமையாக எங்கே பிழை விடுகிறார் என்ற மூன்றையும் எழுதுங்கள்.

இனி வினாக்கள். செயலி எழுதிய ஒன்றை அப்படியே தருகிறேன். பால்மானி என்பது பாலில் மிதக்க விட்டு அதன் அடர்த்தியைப் பார்க்கிற கருவி.

பால்மானி வாசிப்பை எப்போது எடுக்க வேண்டும்?
அ. கறந்த உடனே
ஆ. கொதிக்க வைத்த பின்
இ. நுரை அடங்கிப் பால் ஆறிய பின், நன்றாகக் கலக்கி, பால்மானி பாத்திரச் சுவரில் முட்டாமல் மிதக்கும்போது
ஈ. இரவில்

பாடம் வாசிக்காமலே விடை தெரிகிறதா இல்லையா? ஒவ்வொரு வினாவும் இப்படித்தான். சரியான விடையில் யாரும் பிழை பிடிக்கக்கூடாது என்று நிபந்தனைகளை அடுக்குகிறது. பிழையான விடைகளுக்கு இரண்டு சொல்லோடு நிறுத்திவிடுகிறது. மூடிலில் விடைகளின் வரிசையைக் குலுக்கலாம், நீளத்தைக் குலுக்க முடியாது. சாதாரண தரம் எழுதிய எவருக்கும் இந்தச் சூட்சுமம் தெரியும்.

முழுப் புள்ளி எடுத்த ஒரு அக்கா, அடுத்த கிழமை நிலையத்தில் என் கண் முன்னாலேயே நுரை தளும்பும் இளஞ்சூட்டுப் பாலில் பால்மானியை விட்டார். அது கானின் ஓரத்தில் சாய்ந்து நின்றது. சூட்டுப் பாலில் வாசிப்புக் குறைந்துதான் காட்டும். தண்ணீர் கலந்த பாலும் குறைந்துதான் காட்டும். தண்ணீர் கலக்காத மனிசிக்குக் கலந்த பெயர் வர அது போதும். "பாடத்தில் இருந்ததே அக்கா?" என்றேன். "அதைப் பார்க்க எங்க தம்பி நேரம், நீட்டா இருக்கிறதைத் தட்டினா வருகுதுதானே" என்றார். அவரில் ஒரு பிழையும் இல்லை. வினாத்தாள் அதைத்தான் அவருக்குப் படிப்பித்தது.

பிறகு கட்டளையை இறுக்கினேன். நான்கு விடையும் ஏறக்குறைய ஒரே நீளம் இருக்க வேண்டும், பிழையான விடைகள் எங்கட ஆட்கள் உண்மையாகவே விடுகிற பிழைகளாக இருக்க வேண்டும் என்று, அந்தப் பிழைகளையும் பட்டியலிட்டுக் கொடுத்தேன். முதல் சில வினாக்கள் வடிவாக வந்தன. போகப் போகப் பழையபடி சரியான விடை நீண்டது. திருத்து என்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திருத்தும், அடுத்த தொகுதியில் திரும்பவும் நீட்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் புது உரையாடல் திறந்து, கட்டளையை முழுதாக ஒட்டினால் ஓரளவு நிற்கிறது. அப்படி ஒட்டி, எண்ணி, வெட்டுகிற நேரத்துக்கு நானே எழுதிவிடலாம்.

எழுதவும் தொடங்கிவிட்டேன். பாலாடை எடுத்தால் பால்மானி வாசிப்பு ஏறும், தண்ணீர் விட்டால் இறங்கும்; இரண்டையும் செய்த பால் என்ன காட்டும்? நல்ல பால் போலவே காட்டலாம். நிலையத்தில் கொழுப்பையும் ஏன் தனியாகப் பார்க்கிறார்கள் என்று ஆளை யோசிக்க வைக்கிற வினா அது. நான் கேட்காமல் செயலி ஒருநாளும் அந்தப் பக்கம் போனதில்லை.

பாடம் எழுத இதைவிட நல்ல துணை எனக்கு வாய்க்கவில்லை, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனாலும் இந்த மாதக் காசை நான் கட்டவில்லை. அந்த அக்கா கானை இறக்கி வைத்த காலை நினைவில் இருக்கும்வரை கட்ட மனம் வராது.

மல்லாவிக்காரா, நீ கட்டுவதென்றால் கட்டு. ஆனால் வினாத்தாளை உன் ஆசிரியைகளுக்கு அனுப்ப முன், பாடத்தை வாசிக்காத ஒருவரிடம் கொடுத்துப் பார். பால்மானியைக் கண்ணாலும் கண்டிராத என் மருமகன் என் பழைய வினாத்தாளில் சித்தியடைந்தான். உன்னுடையதிலும் அப்படி யாராவது சித்தியடைந்தால், அதை அனுப்பாதே.